பழுது பார்த்தலும் வாய்மையும்

வாய்மையைப் பற்றி ஆராயும் அறவியலார் பெரும்பாலும் சொல்லையே தமது ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்கின்றனர். ஒருவன் கூறியது மெய்யா பொய்யா, கூறும்போது அவன் உள்ளம் எந்நிலையில் இருந்தது, கூற்றின் விளைவு நன்மையா தீமையா என்பனவே அவர்கள் எழுப்பும் வினாக்கள். ஒருவன் கை ஆற்றிய வேலை அவன் வாய் கூறியதோடு பொருந்துகின்றதா என்பது தனியே ஆராயத்தக்க வினாவாகும். எனினும் அதற்குரிய இடம் நமது கட்டுரைகளில் அருகியே காணப்படுகின்றது. இதற்குக் காரணம், எழுதுவோர் கையால் வேலை செய்வோராக இருப்பது அரிது என்பதாக இருக்கலாம்.

கிழிந்த சேலையைத் தைத்தவளின் தையல் கண்ணுக்குத் தெரியும். வேலியடைத்தவனின் வேலையை அயலவர் அனைவரும் பார்த்துக் குறை கூறலாம். ஆனால் எஞ்சின் ஒன்றைத் திருத்துபவனின் வேலை அவ்வாறானதன்று. அவன் வேலை நிறைவெய்தும் கணமே அது மறைக்கப்படும் கணமுமாகும். சிலிண்டரின் தலை பூட்டப்பட்டு ஆணிகள் இறுக்கப்பட்டபின், உள்ளே வைத்தது என்னவென்பதை அவன் ஒருவனே அறிவான். உரிமையாளன் அறிவது ஓசையை மட்டுமே. ஓசையும் முதற் சில நாள்களுக்கு எவ்வளவோ குறைகளை மறைக்கும். ஆகவே பழுது பார்த்தல் என்னும் தொழிலில் சாட்சியில்லாத ஓர் இடம் எப்போதும் இருக்கின்றது. அவ்விடத்தில் வாய்மையின் நிலை யாது என்பதே இக்கட்டுரையின் பொருள். இதனைப் பொதுப்பட ஆராய்வதிலும் பார்க்க, நான் நன்கறிந்த ஓர் எஞ்சினை வைத்து ஆராய்வது பொருந்தும்.

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கே செல்வோர் கொக்குவிலைக் கடந்து இணுவிலை அடைவர். செம்மண்ணும் கிணறும் புகையிலையும் நிறைந்த ஊர் அது. இசையுலகத்தார் அதனைத் தவிலாலும் நாதசுரத்தாலும் அறிவர். 1975இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த ஊரும் அதுவே. அவ்வூர்த் தோட்டக்காரர் துலா மிதித்து நீர் இறைத்த காலம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் மெல்ல மறைந்து, மண்ணெண்ணெயில் ஓடும் சிறு எஞ்சின்கள் கிணற்றடிக்கு வந்தன. இவ்வெஞ்சின்களைப் பெற்றோலில் தொடக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். விடியற்காலையில் எஞ்சின் தொடங்க மறுத்தால் பயிர் வாடும். ஆதலால் பிளக்கைக் கழற்றித் துடைக்கவும், வால்வை அரைக்கவும், ஓசையைக் கேட்டே குறையை அறியவும் தோட்டக்காரர் பலர் தாமாகவே பழகிக்கொண்டனர். புத்தகம் படித்து வந்த அறிவன்று இது. அறிந்துகொள்ளல் வேறு, செய்யத் தெரிதல் வேறு என்று கில்பேட் ரைல் 1949இல் வெளியிட்ட நூலில் வகுத்துக் காட்டிய வேறுபாட்டை விளக்க, இணுவிலின் கிணற்றடிகளைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைத் தேடிப் போகவேண்டியதில்லை.

இந்த அறிவின் பெறுமதி 1990இன் பின்னரே முழுமையாக வெளிப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து குடாநாட்டுக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பெற்றோல், பற்றறி முதலிய பல பொருள்கள் அடங்கின. மின்சாரமும் இல்லாதொழிந்தது. மண்ணெண்ணெய் மட்டும் அளவாக வந்தது. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களும், எம்.டி. 90 என எல்லோரும் அழைத்த ஹொண்டா மோட்டார் சைக்கிளும் அந்த மண்ணெண்ணெயிலேயே ஓடத் தலைப்பட்டன. எம்.டி. 90 யப்பான் நாட்டுத் தபாற்காரருக்காக ஆக்கப்பட்ட வண்டி. ஏறத்தாழ 90 சி.சி. கொள்ளளவும், முன்னோக்கிப் படுத்த ஒற்றைச் சிலிண்டரும், தலைக்குமேல் சங்கிலியால் இயங்கும் கமும் உடைய நான்கு வீச்சு எஞ்சின் அதனுடையது. சிறு பிளாஸ்ரிக் போத்தலில் பொன்போற் பேணிய பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருள் விட்டு உதைத்துத் தொடக்கி, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவர். வெண்புகையைக் கக்கியபடி அது ஓடும்.

ஓடும் என்பது உண்மையே. ஆனால் அந்த ஓட்டத்துக்கு எஞ்சின் கொடுத்த விலை பெரிது. பெற்றோலைப்போல் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத துளிகள் சிலிண்டர்ச் சுவரில் படிந்து, அங்கே மெல்லிய படலமாக நின்று உராய்வைத் தடுக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். எஞ்சின் எண்ணெய் குறையவேண்டிய இடத்தில் அதன் மட்டம் உயர்ந்துகொண்டு போவதைக் கண்டு மகிழ்ந்த புதியவர்களும் உண்டு. உயர்ந்தது எண்ணெயன்று, அதனை நீர்க்கச் செய்யும் மண்ணெண்ணெய். ரிங்குகள் கரி பிடித்துப் பிஸ்டனின் பள்ளங்களில் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு கேடும் உண்டு. மண்ணெண்ணெய் அழுத்தத்தைத் தாங்காது. உரிய நேரத்துக்கு முன்னரே வெடித்துப் பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல் இடிக்கும். கிணற்றடி எஞ்சின்கள் குறைந்த அழுத்தத்துக்கென்றே அமைக்கப்பட்டவை. மோட்டார் சைக்கிள் எஞ்சினோ ஏறத்தாழ எட்டுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் பெற்றோலுக்காக அமைந்தது. இதனை நன்குணர்ந்த நம்மவர் சிலிண்டரின் அடியில் மேலதிகமாக ஒரு கஸ்கெற்றைச் செருகினர். சிலிண்டர் சிறிது உயர, எரியறையின் கொள்ளளவு கூடி அழுத்தம் குறையும். கமை இயக்கும் சங்கிலியின் பாதை நீள்வதால் வால்வு திறக்கும் வேளை சற்றே பிந்தும் என்பதும் அவர்கள் அறிந்ததே. அறிந்தே அந்தக் குற்றத்தை ஏற்றுக்கொண்டனர்.

அரித்தோத்தில் தமது அறவியல் நூலின் ஆறாம் பகுதியில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் குறிப்பிடுகின்றார். கைத்தொழிலில் தெரிந்தே பிழை செய்பவன் தெரியாமற் பிழை செய்பவனிலும் மேலானவன். ஒழுக்கத்திலோ தெரிந்தே பிழை செய்பவன் கீழானவன் என்பது அவர் கருத்து. வேண்டுமென்றே சுருதி விலகிக் காட்டக்கூடிய வித்துவான், சுருதி விலகுவதை அறியாதவனிலும் சிறந்தவன் என்று இதனை நம்மூர் வழக்கில் விளக்கலாம். தடைக்காலத்து மெக்கானிக்குகள் அனைவரும் தெரிந்தே பிழை செய்தவர்கள். எஞ்சின் கெடும் என்று தெரிந்தே அதற்கு ஒவ்வாத எரிபொருளை ஊட்டினர். அளவு பிழையென்று தெரிந்தே கஸ்கெற் இட்டனர். தொழிலின் அளவுகோலில் இவை அவர்களின் உயர்வைக் காட்டும். ஆனால் அவர்கள் பொருளோடு மட்டும் பழகியவர்கள் அல்லர், மனிதரோடும் பழகியவர்கள். ஒரே செயல் கைத்தொழிலாக ஒரு முகமும் ஒழுக்கமாக மறு முகமும் காட்டும்போது, அவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணும் இடம் ஒன்று உண்டா? உண்டென்பதை எங்கள் வீட்டு எம்.டி. 90 எனக்குக் காட்டியது.

2022ஆம் ஆண்டு நாடு கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது நின்றபோது எரிபொருளுக்கு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றமையையும், ஜூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தமையையும் வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். வாகன இறக்குமதி 2020இலேயே நிறுத்தப்பட்டிருந்தது. மூலையிற் கிடந்த பழைய வண்டிகளுக்கெல்லாம் மீண்டும் மதிப்பு வந்த காலம் அது. குறைந்த பெற்றோலில் நெடுந்தூரம் ஓடும் சிறு எஞ்சின் என்பதால் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் பல்லாண்டுகளாகச் சாக்கு மூடிக் கிடந்த எம்.டி. 90ஐத் திருத்தத் துணிந்தேன். இம்முறை மண்ணெண்ணெய் துணை செய்ய வரவில்லை என்பதையும் குறிப்பிடவேண்டும். ஆகஸ்டு மாதத்தில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது.

பழைய செய்தித்தாளை விரித்து, கழற்றிய ஒழுங்கிலேயே ஒவ்வோர் உறுப்பையும் இடமிருந்து வலமாக அடுக்கினேன். கழற்றுவது எளிது, கழற்றிய ஒழுங்கை மறவாதிருப்பதே கடினம். சிலிண்டரின் அடியில், எதிர்பார்த்தபடியே, அலுமினியத் தகட்டில் கையால் வெட்டிய கஸ்கெற் இருந்தது. எதிர்பாராத ஒன்று பிஸ்டனில் இருந்தது. இரண்டாவது ரிங்கைக் கழற்றியபோது அதன் பின்புறத்தில், பள்ளத்தின் ஆழத்தில், மயிரிழைபோல் மெல்லிய எஃகு நாடா ஒன்று சுற்றியிருந்தது. கைக்கடிகாரத்தின் சுருள்வில் அது. தேய்ந்த ரிங் தன் விசையை இழந்து சுவரைத் தழுவாதொழியும்போது, பின்னிருந்து தள்ளி அதனைச் சுவரோடு அணைப்பதற்காக வைக்கப்பட்டது. அதன் இரு நுனிகளும் அரத்தால் வட்டமாக மழுக்கப்பட்டிருந்தன. முப்பதாண்டுகளுக்குப் பின்னரும் அந்த வேலையின் நேர்த்தி வியப்பூட்டியது.

என்னைத் திடுக்கிடச் செய்தது வேலையன்று. 1993இல் இந்த எஞ்சினைத் திருத்தியவர் ‘புது ரிங் போட்டிருக்கிறன்’ என்று கூறியதும், அதற்குரிய பணத்தை என் தந்தையார் எண்ணிக் கொடுத்ததும் சிறுவனாக அருகில் நின்ற எனக்கு நன்கு நினைவிருந்தது.

திருத்தியவரும் தந்தையாரும் இன்று உயிரோடு இல்லை. ஆகவே இது வழக்காடும் பொருளன்று, ஆராயும் பொருளே. அதே ஆண்டில் ஒரு நள்ளிரவு அம்மம்மாவுக்கு நெஞ்சுவலி கண்டது. தந்தையார் முன்னிருந்து ஓட்ட, சித்தப்பா பின்னிருந்து அணைத்துப் பிடிக்க, நடுவில் அம்மம்மாவை இருத்தி யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றனர். மூவரைச் சுமந்து அந்த எஞ்சின் விளக்கில்லாத வீதியில் நிற்காமல் ஓடியது. அம்மம்மா அதன்பின் ஆறாண்டுகள் வாழ்ந்தார். கடிகாரச் சுருள்வில் எஞ்சினின் வெப்பத்தில் தன் விறைப்பை இழந்து முறியக்கூடியது. முறிந்த துண்டு சிலிண்டர்ச் சுவரில் சிக்கினால் பிஸ்டன் இறுகி எஞ்சின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அது நிகழவில்லை. நிகழ்ந்திருந்தால் அந்த மெக்கானிக்கைப் பற்றி எங்கள் குடும்பம் இன்று என்ன பேசும் என்று எண்ணிப் பார்த்தேன்.

தோமஸ் நேகலும் பேர்ணாட் வில்லியம்சும் 1976இல் எழுதிய கட்டுரைகளின் வழியே மேலைத்தேய அறவியலில் ஒரு பிரச்சினை தெளிவான வடிவம் பெற்றது. ஒருவன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட விளைவை வைத்து அவனது அறத்தை மதிப்பிடலாமா என்பதே அது. ஒரே அளவு கவனக்குறைவோடு வண்டி ஓட்டிய இருவருள், ஒருவன் எதிரே குழந்தை வராததால் வீடு சேர்கிறான். மற்றவன் எதிரே குழந்தை வந்ததால் கொலைகாரனாகிறான். நம்மவர்க்கு இந்தப் பிரச்சினை புதிதன்று. ஊழ் என்ற சொல்லால் நெடுங்காலம் பேசி வந்திருக்கிறோம். ஆனால் ஊழைப் பெரும்பாலும் நமக்கு நேர்வதை விளக்கவே பயன்படுத்தினோமேயன்றி, நாம் செய்தவற்றின் குற்றத்தை அளக்கும் வினாவாக அதனைத் திருப்பிப் பார்த்தது குறைவு என்பது என் எண்ணம். முறியாத சுருள்வில் ஒரு பொய்யை மன்னித்துவிட்டதா?

திருவள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் வாய்மையைப் பிறர்க்குத் தீமை பயவாத சொல் என வரையறுப்பதும், குற்றமற்ற நன்மை பயக்குமாயின் பொய்யையும் வாய்மையின் பக்கத்தில் வைப்பதும் யாவரும் அறிந்தவை. மெக்கானிக்குக்குச் சார்பாக இதனைக் காட்டலாம். ஆனால் விளைவு தெரிந்தபின்னரே வாய்மையா பொய்ம்மையா என்று தீர்ப்புக் கூற முடியுமெனின், கூறும் கணத்தில் அவன் செய்தது என்ன? குற்றமற்ற நன்மை என்னும் அடைமொழி இங்கே தளர்வைவிடக் கண்டிப்பையே குறிப்பதாக நான் கொள்கிறேன். நன்மை விளையும் என்று நம்புவது போதாது. அதில் குற்றம் கலவாதென்று உறுதிகொள்ளவும் வேண்டும். எஃகு நாடா முறியாதென்று எவரும் உறுதிகொண்டிருக்க இயலாது. இம்மானுவேல் கான்ற் 1797இல் எழுதிய சிறு கட்டுரையில் இதற்கு நேர்மாறான எல்லைக்குச் செல்கின்றார். அன்பின் பொருட்டும் பொய் கூறலாகாது. கூறினால் எதிர்பாராது விளையும் தீமைக்கெல்லாம் கூறியவனே பொறுப்பாவான் என்பது அவர் முடிபு. அந்த நள்ளிரவில் எஞ்சின் நின்றிருந்தால் கான்ற் நம் மெக்கானிக்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருப்பார். நின்றிராதபோதும் விடுவித்திருக்கமாட்டார்.

இருவருக்கும் இடையே நின்று நான் கண்டது இது. சுருள்வில்லை வைத்தது குற்றமன்று. அன்று இருந்த நிலையில் அதனைவிடச் சிறந்த வேலை செய்திருக்க இயலாது. ‘ரிங் கிடைக்கவில்லை, இப்படியொன்று செய்திருக்கிறேன், வேகமாக ஓடவேண்டாம், எண்ணெயை அடிக்கடி மாற்றுங்கள்’ என்று கூறியிருந்தால் அவர் செய்தது பாராட்டுக்குரியதாக மட்டும் இருந்திருக்கும். ‘புது’ என்ற ஒரு சொல்லே கேடு செய்தது. எண்ணெய் மாற்றும் கவனத்தையும், மெதுவாக ஓட்டும் கவனத்தையும், சில பயணங்களுக்கு வண்டியை நம்பாமல் சைக்கிளை எடுக்கும் தீர்மானத்தையும் அச்சொல் தந்தையாரிடமிருந்து பறித்துவிட்டது. பொய்யின் தீங்கு அதன் விளைவில் தங்கியிருப்பதாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் விளைவுக்கு முன்னரே, தானறிந்து தீர்மானிக்கும் உரிமையைப் பொய் ஒருவனிடமிருந்து எடுத்துவிடுகின்றது. ஊழ் எவ்வாறு திரும்பினும் இந்த இழப்பு மாறுவதில்லை.

ஆயினும் ஒரு மறுப்பை என்னால் முற்றிலும் ஒதுக்க இயலவில்லை. உண்மை தெரிந்திருந்தால் தந்தையார் அன்றிரவு தயங்கியிருக்கலாம். வண்டில் தேடிப் போயிருக்கலாம். அந்தத் தயக்கத்தில் அம்மம்மா இறந்திருக்கலாம். அறியாமை சிலவேளை துணிவைத் தரும். இது மெக்கானிக்கின் பொய்க்கு நியாயமாகாது. அவர் அம்மம்மாவை எண்ணி அச்சொல்லைக் கூறவில்லை. ஆனால் உண்மை எப்போதும் நன்மையே பயக்கும் என்று இலகுவாகக் கூறிவிட்டுச் செல்வோருக்கு இது ஒரு தடைக்கல்.

சுருள்வில்லைக் கொண்டுபோய் அம்மாவுக்குக் காட்டினேன். அவர் அதனை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, “அந்த நேரம் புது ரிங் ஆரிட்ட இருந்தது? அப்பாவுக்குத் தெரியாதெண்டு நினைக்கிறியோ?” என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் என் ஆராய்ச்சியின் பாதி சரிந்தது. தடைக்காலத்தில் ‘புது’ என்பதன் பொருள் வேறாயிருந்தது என்பதை நான் மறந்திருந்தேன். வேறொரு வண்டியிலிருந்து கழற்றியதும் புதிது. இருந்ததைவிடத் தேய்வு குறைந்ததும் புதிது. ஜாம் போத்தலில் பஞ்சிட்டு எரித்ததை விளக்கு என்றே அழைத்தோம். எல்லோரும் அறிந்த ஒரு பொருளில் எல்லோரும் வழங்கும் சொல்லைக் கூறியவன் பொய் கூறினான் எனலாமா? பொய்க்கு ஏமாறுபவன் ஒருவன் வேண்டும். கூறியவனும் கேட்டவனும் உள்ளதை அறிந்தே ஒரு நாடகத்தில் பங்குகொண்டார்களெனின் அது பொய்யன்று, ஒருவகை மரியாதை. பணம் ரிங்குக்கன்று, அந்த இரண்டு நாள் வேலைக்கே கொடுக்கப்பட்டிருக்கலாம்.

ஆனால் இதிலும் நான் முழுமையாக இளைப்பாற முடியவில்லை. கடத்தி வரப்பட்ட உண்மையான புது உறுப்புகளும் அக்காலத்தில் இடைக்கிடை கிடைத்தன. ஆகவே அச்சொல் இரண்டு பொருளுக்கும் இடம் தந்தது. இரு பொருட் சொல் நாடகமா ஏமாற்றா என்பதை அறிய ஒரு வழி உண்டு: கேட்பவன் ‘உண்மையாகவே புதிதா?’ என்று திருப்பிக் கேட்டிருந்தால் நேர்மையான விடை கிடைத்திருக்குமா என்று பார்ப்பது. தந்தையார் அவ்வாறு கேட்கவில்லை. கேளாமல் விட்டது மெக்கானிக்கின் மதிப்பைக் காப்பாற்றவா, அல்லது தமது மன அமைதியைக் காப்பாற்றவா? இரண்டாவதாயின் பொறுப்பில் ஒரு பங்கு அவருக்கும் உரியது. விடையை அஞ்சி வினாவை விழுங்கும் வாடிக்கையாளர், பொய்யான விடையை விளைவிப்பதில் தாமும் பங்காளிகள் என்பது மருத்துவத்திலும் அரசியலிலும்கூடக் காணக்கூடியது.

இவ்விடத்து ஒன்று கூறாமற் செல்லலாகாது. தடைக்காலத்து மதிநுட்பத்தைப் புகழ்ந்து பேசுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம், சைக்கிளைச் சுழற்றி வானொலி கேட்டோம் என்று பெருமை கொள்கிறோம். பெருமைக்குரியதுதான். ஆனால் எஞ்சினில் எரிந்த ஒவ்வொரு போத்தல் மண்ணெண்ணெயும் ஏதோ ஒரு வீட்டில் பரீட்சைக்குப் படித்த மாணவன் ஒருவனின் சில இரவு வெளிச்சம் என்பதையும், அந்தப் புகையை எல்லோருமே சுவாசித்தோம் என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். வேறு வழியில்லாமல் செய்ததை விரும்பிச் செய்ததுபோல் போற்றுவது, வழியை அடைத்தவர்களை மெல்ல விடுவித்துவிடும். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் பெயர்ந்தபோது இதே எம்.டி. 90 தென்மராட்சிக்குச் சென்றது. எஞ்சினின் நன்மை தீமைக்கு அன்று பொருளே இருக்கவில்லை. சனநெருக்கத்தில் அதனை உருட்டியே கொண்டுபோனோம்.

பழுது பார்த்தல் பற்றிய தத்துவ விசாரங்களில் வழக்கமாக எழுப்பப்படும் வினா ஒன்று உண்டு. உறுப்புகள் யாவும் மாறியபின் அது அதே பொருள்தானா என்பது. தேசியசின் கப்பல் என்று கிரேக்கரும், நாகசேனர் மிலிந்த மன்னனுக்குக் காட்டிய தேர் என்று பௌத்தரும் இதனைப் பேசினர். என்னை இவ்வினா அதிகம் வருத்தவில்லை. மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களம் எஞ்சின் இலக்கத்தையும் சட்ட இலக்கத்தையும் பதிந்து இதற்கு எளிய விடை ஒன்றைக் கண்டிருக்கின்றது. பொருள் அதுவா என்பதிலும் பார்க்க, பொருளைப் பற்றிக் கூறியது அதுவா என்பதே நமக்கு வேண்டிய வினா.

இனி என் பங்குக்கு வருகிறேன். பிறர் பொய்யை ஆராய்வது எளிது. வீட்டிலிருந்து தன் எஞ்சினைத் தானே திருத்துபவன் மெக்கானிக்கும் உரிமையாளனுமாக ஒருவனே இருக்கிறான். ஏமாற்றவோ ஏமாறவோ இரண்டாமவன் இல்லை என்று தோன்றும். அது தவறென்று விரைவிலேயே தெரிந்தது.

வால்வுகளை அரைபசையிட்டு அரைத்து இருக்கையில் பொருத்தியபின், அவை நன்கு மூடுகின்றனவா என்று பார்க்கும் சோதனை எளிமையானது. குழாய்வாயில் சிறிது மண்ணெண்ணெயை ஊற்றி, எரியறைப் பக்கம் கசிகின்றதா என்று காத்திருக்கவேண்டும். (எஞ்சினைக் கெடுத்த அதே மண்ணெண்ணெய்தான் கழுவவும் சோதிக்கவும் உதவுகின்றது.) மாலை ஆறு மணியாகியிருந்தது. முதுகு வலித்தது. உட்செல்லும் வால்வில் ஒன்றுமில்லை. வெளியேற்றும் வால்வின் ஓரத்தில் ஐந்து நிமிடத்தின்பின் மெல்லிய ஈரம் ஒரு பிறைபோலத் தோன்றியது. துணியால் துடைத்தேன். மீண்டும் பார்த்தேன், இம்முறை ஒரு நிமிடம் மட்டுமே காத்திருந்தேன். ஈரம் தோன்றவில்லை. ‘சரி’ என்று எனக்கு நானே கூறி மூடினேன்.

காத்திருந்த நேரத்தைக் குறைத்தது யார்? ஈரம் வருமென்று அறிந்த ஒருவன் என்னுள் இருந்ததால்தானே, அது வருமுன் பார்வையை எடுக்கவேண்டும் என்று தெரிந்தது? தன்னைத்தான் ஏமாற்றுதல் எவ்வாறு கைகூடும் என்று தத்துவ வகுப்பில் கேட்கப்படும் புதிருக்கு என் தாழ்வாரத்தில் விடை இருந்தது. ஏமாற்றுபவன் பொய்யொன்றையும் உரைக்கத் தேவையில்லை. சோதனையைச் சிறிது முன்னதாக முடித்துக்கொண்டாற் போதும். அறிஞர்கள் தமக்கு உவப்பான முடிபு கிடைத்த இடத்தில் தேடலை நிறுத்திக்கொள்வதும் இதே முறைதான் என்று, விரிவுரையாளர் அவையினர் பொறுத்துக்கொள்வாராயின், கூறத் தோன்றுகின்றது.

இரண்டு நாள் அதனைத் தொடவில்லை. மூன்றாம் நாள் திறந்தேன். வால்வை மீண்டும் அரைத்தேன். திறந்த கையோடு, அதுவரை ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டிருந்த இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சிலிண்டர்ச் சுவரில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் ஒன்று இருந்தது. புது ரிங் மட்டும் இட்டால் சில மாதங்கள் ஓடும். ஓசையும் நன்றாகவே இருக்கும். பட்டறையில் கொடுத்து 0.25 மில்லிமீற்றர் கடைந்து, அதே அளவு பெரிய பிஸ்டனும் ரிங்கும் வாங்கிப் பூட்டினேன். ரிங்கைச் சிலிண்டருள் விட்டுப் பிஸ்டனின் தலையால் நேராகத் தள்ளி, அதன் வாய் இடைவெளியைத் தகட்டால் அளந்தேன், 0.2 மில்லிமீற்றர் இருந்தது. அலுமினியக் கஸ்கெற்றை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்தேன். கம் சில்லின் குறியையும் பறக்கும் சில்லின் குறியையும் நேர்ப்படுத்தி, வால்வு இடைவெளியை 0.05 மில்லிமீற்றருக்கு நிறுத்தி, தலையைப் பூட்டினேன். நாலாவது உதையில் எஞ்சின் தொடங்கியது.

எல்லாவற்றையும் புதுப்பித்தேன் என்று கூறமாட்டேன். முறுக்குத் தண்டின் பெரிய போல் பெயரிங்கில் சிறிது ஓசை இருக்கின்றது. அதனை மாற்ற எஞ்சினின் வயிற்றையே பிளக்கவேண்டும். அதற்கு என்னிடம் கருவியுமில்லை, அன்று மனமுமில்லை.

வண்டி இப்போது திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தில் பயிலும் மருமகனிடம் இருக்கின்றது. கையளிக்குமுன் ஒரு தாளில் மாற்றியவை எவை, மாற்றாதவை எவை என்று எழுதி, கடிகாரச் சுருள்வில்லையும் சிறு கடதாசியில் சுற்றிச் சேர்த்து இருக்கைக்கடியில் வைத்தேன். அவன் தாளை நின்ற நிலையிலேயே இரண்டுமுறை வாசித்தான். பெயரிங் பற்றிய வரியில் விரலை வைத்துக்கொண்டு, “அப்ப இதில இரவில பளை மட்டும் போகலாமோ மாமா?” என்று கேட்டான்.

“பளைக்குப் போகலாம். கிளிநொச்சிக்கெண்டால் பகலில போ” என்றேன்.